படகேறிய தமிழ்க் கையேடு: ஒரு நன்றி மடல்

தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். போன வாரம் சித்தப்பாவின் லேப்டாப்பில் அந்தக் கடல் வரைபட மென்பொருளை நிறுவினோம். நெட் கிடையாது, பென்டிரைவ் மட்டும்தான். உதவி என்பதை அழுத்தியதும் நாங்கள் மொழிபெயர்த்த கையேடு தமிழில் திறந்தது. சித்தப்பா முதலில் புரட்டியது, எல்லைக்கோட்டை நெருங்கினால் மணியடிக்க வைக்கும் பக்கத்தைத்தான்.

இதற்கு உழைத்தவர்களில் முதலில், ஜெர்மனியிலிருந்து பொதியை, அதாவது மென்பொருளை நிறுவுவதற்காகக் கட்டித் தரும் மூட்டையை, பராமரிப்பவருக்கு நன்றி. மொழிபெயர்ப்பை ஒரு தளத்தில் போட்டுவிட்டால் போதும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். கரையை விட்டுத் தள்ளிப் போனதும் சிக்னல் போய்விடுகிற கடலில் தளம் எதற்கு? பொதியோடுதான் வர வேண்டும் என்று அடம்பிடித்தவர் அவர். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ‘க’வுக்கு 3 பைட், ‘கொ’வுக்கு 6. படங்களும் சேர்ந்து எடை கூடவே, தமிழ்க் கையேட்டைத் தனிப் பொதியாகப் பிரித்துக் கொடுத்தார்.

கீழக்கரை லாத்தாவுக்கும் (அக்காவை அங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) அவருடைய மாணவிகளுக்கும் பட்ட கடன் பெரிது. மூலக் கையேட்டைப் பத்தி பத்தியாக, மூலமும் மொழிபெயர்ப்பும் ஜோடியாக நிற்கும் பிஓ கோப்பில் போட்டு, தமிழானதும் திரும்பக் கோத்துத் தருவது பிஓ4ஏ என்ற கருவி. நூற்றுக்கு 80 பங்கு முடியாவிட்டால் அந்த மொழிக் கையேட்டையே அது உருவாக்காது. நாமாக அளவை மாற்றினால்தான் உண்டு. நாங்கள் 78இல் நின்றுகொண்டு, ஏன் தமிழ் வரவில்லை என்று இரண்டு நாள் கணினியைத் திட்டினோம். அதற்குள் மூலத்தில் சில பத்திகள் மாறி, எங்கள் தமிழ் வரிகள் ‘ஃபஸி’ (திரும்பச் சரிபார்க்க வேண்டியவை) ஆகி, கணக்கு இன்னும் இறங்கியது. மிச்சத்தை உட்கார்ந்து முடித்தது லாத்தாவும் மாணவிகளும்தான்.

அப்புறம் எங்கள் சம்மாட்டி (படகுச் சொந்தக்காரர்) மாமா. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகுகள் கரையில். 61 நாளும் வலை பின்னும் கொட்டகையில் சிவப்புப் பேனாவோடு அச்செடுத்த தாள்களைப் படித்தார். ‘நீரோட்டம்’ அடிபட்டு ‘நீவாடு’ ஆனது. ஆழத்தை அளக்கும் ‘ஃபேதம்’ போய்ப் ‘பாகம்’ வந்தது. ‘நங்கூர எச்சரிக்கை’யைப் பார்த்து, “இது யாரைடா மிரட்டுது? மணின்னு போடு” என்றார். போட்டேன். தென்மேற்கைக் கச்சான் ஆக்கச் சொன்னதை மட்டும் கேட்கவில்லை. எல்லாக் கடற்கரைக்கும் போகிற கையேடாயிற்றே. அவருக்கு இன்னும் கோபம்தான்.

அச்செடுத்துக் கொடுத்த ராமநாதபுரம் ஜெராக்ஸ் கடைத் தம்பியை மறக்க மாட்டேன். பிடிஎஃப்பில் ‘கொ’ உடைந்து, க ஒரு பக்கம், கொம்பும் காலும் ஒரு பக்கமாக நிற்பதை முதலில் பார்த்தவன் அவன். பக்க எண்களைக் குறித்தும் கொடுத்தான். பிறகுதான் பிடிஎஃப் உருவாக்க சீலாடெக் என்ற மென்பொருளுக்கு மாறினோம்.

எல்லை மணிப் பக்கத்தில் இரண்டு பத்தி இன்னும் ஆங்கிலத்திலேயே நிற்கிறது. சித்தப்பா பார்த்துவிட்டார். அடுத்த வெளியீட்டுக்குள் முடித்துவிடுகிறேன், லாத்தா.