கல்வி வரியின் கணக்கைப் பள்ளிச் சுவரில் எழுதுங்கள்: மாநகராட்சிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கும் மேயர் அவர்களுக்கும் வணக்கமுங்க.

ஊர்ப் பெயரையும் பள்ளிப் பெயரையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். எழுதினால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது, எங்கள் தலைமையாசிரியைக்குத்தான் மெமோ வரும். எந்தப் பள்ளி என்று உங்களுக்கே தெரியும். 2022 தொடக்கத்தில் இரண்டு வகுப்பறைகளை இடித்து, கம்பியையும் ஓடுகளையும் அள்ளிக்கொண்டு போன பிறகு யாரும் எட்டிப் பார்க்காத தொடக்கப்பள்ளி. இந்த அடையாளம் போதவில்லை என்றால், அப்படிப்பட்ட பள்ளிகள் உங்களிடம் நிறைய இருக்கின்றன என்று அர்த்தம்.

இடித்ததைக் குறை சொல்லவில்லை. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிவறைச் சுவர் விழுந்து மூன்று பிள்ளைகள் இறந்த பிறகு, விரிசல் விட்ட கட்டடத்துக்குள் பிள்ளையை அனுப்ப எங்களுக்கும் மனசு வரவில்லை. ஜேசிபி வந்தது, ஒரே நாளில் வேலை முடிந்தது. அப்போது என் மகள் பால்வாடியில் இருந்தாள். இப்போது நாலாவது படிக்கிறாள். இடித்த இடத்தில் ஆமணக்குச் செடி ஆள் உயரத்துக்கு நிற்கிறது.

இப்போது மூன்றாவதும் நாலாவதும் ஒரே அறையில் இருக்கின்றன. மூன்றாவது கிழக்குச் சுவரைப் பார்த்து உட்காரும், நாலாவது மேற்குச் சுவரைப் பார்த்து. முதுகோடு முதுகு. நான் இருபது வருசம் விசைத்தறியில் வேலை செய்தவன், இரைச்சல் எனக்குப் புதுசில்லை. தறிச் சத்தத்துக்கு நடுவே வாயசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வோம். ஆனால் ஒன்பது வயசுப் பிள்ளை அப்படிப் பாடம் கேட்க முடியுமா?

போன மாதம் மகளுடைய 'சொல்வதை எழுதுதல்' நோட்டைப் பார்த்தேன். கலப்பை, ஆலமரம், வாய்க்கால் என்று வரிசையாக எழுதிக்கொண்டே வந்தவள் நடுவில் 'இருபத்தெட்டு' என்று எழுதியிருக்கிறாள். அந்த நேரத்தில் பின்னால் மூன்றாவது வகுப்பு ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. டீச்சர் அதன்மேல் சிவப்பு மையில் அடிக்கவில்லை. "ஏனுங்க, அதை எப்படித் தப்புன்னு போடறது? அவ காதுல விழுந்ததைத்தானுங்க எழுதியிருக்கா" என்றார். இப்போது இரண்டு டீச்சர்களும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்திருக்கிறார்கள். ஒருவர் பாடம் நடத்தும்போது மற்ற வகுப்புக்கு எழுத்து வேலை. அதாவது என் மகள் ஒரு நாளில் பாதி நேரம்தான் பாடம் கேட்கிறாள். ஐந்தாவதுக்கு இந்தத் தகராறே இல்லை, அவர்கள் வராண்டாவில். மழை பெய்தால் அவர்களும் உள்ளே வந்துவிடுவார்கள்.

அதே அறையில் அரசு கொடுத்த ஸ்மார்ட் போர்டு ஒன்றும் இருக்கிறது. நல்ல பொருள்தான், மேற்குச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். அதைப் போட்டால் மூன்றாவது வகுப்பு மொத்தமும் திரும்பி உட்கார்ந்துகொள்கிறது. அதனால் போடுவதில்லை.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009இன் அட்டவணையில் ஒரு ஆசிரியருக்கு ஒரு வகுப்பறையாவது வேண்டும் என்று இருக்கிறது. எங்களுக்கு நாலு டீச்சர், இரண்டு அறை. வட்டாரக் கல்வி அலுவலரிடம் போனால், டீச்சர் எங்கள் பொறுப்பு, கட்டடம் மாநகராட்சியுடையது என்கிறார். மாநகராட்சிப் பொறியாளரிடம் போனால் எஸ்டிமேட் போட்டு அனுப்பியாச்சு, நிதி வந்ததும் ஆரம்பிக்கலாம் என்கிறார். நாலு வருசமாக இதே பதில்.

டெல்லியிலிருந்து பணம் வரவில்லை என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். 2024-25ஆம் ஆண்டுப் பள்ளிக் கல்விக்கான 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்ததும், மாநில அரசு உச்ச நீதிமன்றம் போனதும் எனக்கும் தெரியும். ஆனால் சொத்து வரியோடு சேர்த்து வாங்குகிறீர்களே கல்வி வரி, அது டெல்லியிலிருந்தா வருகிறது? 1920ஆம் ஆண்டுத் தொடக்கக் கல்விச் சட்டக் காலத்திலிருந்து வசூலாகும் வரி அது. எங்கள் வீதியில் எங்கள் வீட்டில் வாங்குவது. 2022இல் சொத்து வரியை ஏற்றியபோது 600 சதுர அடிக்குள் இருக்கிற வீட்டுக்கே 25 சதவீதம் கூடியது. முணுமுணுத்துக்கொண்டேதான் கட்டினோம், ஆனால் கட்டினோம்.

அந்தக் கல்வி வரியில் எங்கள் பள்ளிக்கு எவ்வளவு செலவானது என்று பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். போன வாரம் பதில் வந்தது. "தாங்கள் கோரும் விவரம் பள்ளி வாரியாகப் பராமரிக்கப்படவில்லை." ஒரே வரி. இந்த மடலை எழுத வைத்தது அந்த வரிதான்.

நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினன். எங்கள் அளவுள்ள பள்ளிக்கு, அதாவது 31 முதல் 100 பிள்ளைகள் வரை இருந்தால், வருசத்துக்கு 25,000 ரூபாய் பள்ளி மானியம். அதில் பத்தில் ஒரு பங்காவது சுத்தத்துக்குச் செலவழிக்க வேண்டும். மானியம் வந்த வருசங்களில் பினாயில் பாட்டில், விளக்கமாறு, சாக்பீஸ் பெட்டி என்று ஒவ்வொன்றுக்கும் ரசீது ஒட்டித் தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டோம். ஒருமுறை 40 ரூபாய்க்குப் பூட்டு வாங்கியதற்கு ரசீது இல்லையென்று ஆடிட்டில் எழுதினார்கள். தலைமையாசிரியை தன் பையிலிருந்து கட்டினார். நாற்பது ரூபாய்க்குக் கணக்குக் கேட்கிற நாட்டில், ஊர் முழுக்க வசூலிக்கிற வரிக்குப் பள்ளி வாரியாகக் கணக்கு இல்லை என்று ஒரு மாநகராட்சி கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறது.

நாங்கள் வரியைத் தாமதமாகக் கட்டினால் மாதம் 1 சதவீதம் அபராதம். நாலு வருசம் தாமதமான வகுப்பறைக்கு அதே கணக்கில் பார்த்தால் 48 சதவீதம் ஆகிறது. யாரிடம் வசூலிப்பது?

ஊரில் நீங்கள் கட்டிய ரவுண்டானா மட்டும் சொன்ன தேதியில் முடிந்துவிட்டது. நீரூற்று, கலர் லைட், ஊர்ப் பெயரை இருதயப் படத்தோடு எழுதிய செல்ஃபி மேடை. சாயங்காலமானால் குடும்பத்தோடு வந்து படம் எடுக்கிறார்கள். நாங்களும் எடுத்தோம். பிள்ளைகளை அங்கேயே உட்கார வைத்துப் பாடம் நடத்தலாமா என்று கூட ஒருநாள் ரோசனை வந்தது. வெளிச்சம் நன்றாக இருக்கிறது, நாலு பக்கமும் நாலு வகுப்பு உட்காரலாம்.

மன்னிக்க வேண்டும், கேட்க வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டேன்.

இந்த மடலில் நான் கேட்பது கட்டடம்கூட இல்லைங்க. அதை நீங்களே கட்டியாக வேண்டும். நான் கேட்பது கணக்கு. எங்கள் வார்டில் கல்வி வரி எவ்வளவு வசூலானது, எங்கள் பள்ளிக்கு எவ்வளவு வந்தது, இடித்த அறைகளின் எஸ்டிமேட் எந்தத் தேதியில் எந்த மேசையில் நிற்கிறது. இந்த மூன்றையும் பள்ளியின் வெளிச்சுவரில், தெருவில் போகிறவர்கள் படிக்கும்படி எழுத வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தின் நாலாவது பிரிவு, யாரும் கேட்காமலே அலுவலகங்கள் தம் வரவுசெலவைத் தாமாக வெளியிட வேண்டும் என்றுதான் சொல்கிறது. பள்ளி வாரியாகக் கணக்கு இல்லையென்றால் இந்த வருசத்திலிருந்தாவது ஆரம்பியுங்கள். எங்கள் ஒரு பள்ளிக்கு மட்டும் வேண்டாம், உங்கள் பொறுப்பில் இருக்கிற எல்லாப் பள்ளிச் சுவரிலும் எழுதுங்கள்.

அடுத்த வருசம் முடிந்தால் என் மகள் ஆறாவதுக்கு வேறு பள்ளி போய்விடுவாள். அதற்குள் தனக்கென்று ஓர் அறையில் உட்கார்ந்து ஒரு நாளாவது பாடம் கேட்பாளா என்று தெரியவில்லை.

மேற்படி வெளிச்சுவருக்குப் போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நாலைந்து பெற்றோர் சேர்ந்து வெள்ளையடித்து வைத்திருக்கிறோம். பெயிண்ட், பிரஷ் எல்லாம் எங்கள் செலவு, ரசீதும் இருக்கிறது. எழுத வேண்டிய எண்களை மட்டும் அனுப்பி வைக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நாலாம் வகுப்புப் பிள்ளையின் அப்பா,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்