28-ஆவது லீப் செகண்ட் வேண்டாம்: எடை அளவை மாநாட்டுக்கு ஒரு திறந்த மடல்

எடைகள், அளவைகளுக்கான பொது மாநாட்டில் கூடவிருக்கும் உறுப்பு நாடுகளின் பிரதிநிதிகளுக்கு,

வணக்கம். நான் சென்னையில் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். உலகக் கடிகாரம் எப்படி ஓட வேண்டும் என்பதை நீங்கள் தீர்மானிக்கிறீர்கள். அந்தத் தீர்மானத்தை வரி வரியாக நிரலாக்கி ஓடவிடுவது எங்கள் வேலை. 2026-இல் உங்கள் 28-ஆவது மாநாடு. அதற்கு முன், லீப் செகண்டைப் பற்றி, அதாவது பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக உலகக் கடிகாரத்தில் அவ்வப்போது கூட்டப்படும் அந்த ஒரு நொடியைப் பற்றி, எங்கள் பக்கத்துப் பேச்சை உங்கள் காதில் போட்டுவைக்க விரும்புகிறேன்.

எங்கள் பக்கத்தில் இது பெரும்பாலும் சிரிப்புப் பேச்சு. நிலவுக்கென்று தனி நேரம் வகுக்கும் திட்டத்தை 2026 முடிவதற்குள் தயார் செய்யும்படி நாசாவுக்கு வெள்ளை மாளிகை சொன்னது 2024 ஏப்ரலில். அந்தச் செய்தி வந்த நாள் எங்கள் டீமின் வாட்ஸ்அப் குழுவில் மதியம் வரை இதே பேச்சுதான். "ஐஎஸ்டிக்கு அரை மணி நேர ஆஃப்செட் போட்டதுக்கே அழுதோம், இனி நிலாவுக்கும் போடணுமா?" என்றார் ஒருவர் (ஐஎஸ்டி என்பது இந்திய நேரம், ஆஃப்செட் என்பது உலக நேரத்திலிருந்து அதற்குள்ள வித்தியாசம்). "அமாவாசை அன்னைக்கு சர்வர் ஓடுமா?" என்று இன்னொருவர். "ரிலீஸ் தேதில சந்திராஷ்டமம் இருக்கான்னு செக் பண்ண ஒரு ஏபிஐ வேணும்" என்று டெஸ்டிங் பிரிவுப் பெண் எழுதியதற்கு அன்றைக்கு அதிகமான இதயங்கள் விழுந்தன.

நான் இந்தச் சிரிப்பை மதிக்கிறேன். எங்கள் தொழிலில் ஒரு செய்தியைப் படித்தவுடன் எந்த இடத்தில் இடிக்கும் என்று கை தானாகத் தடவிப் பார்க்கும். இடிக்கும் இடம் தெரிந்ததும் வருவதுதான் அந்த நகைச்சுவை. நிலவு விஷயத்திலும் அவர்கள் சரியான இடத்தைத்தான் தொட்டார்கள். அது ஆஃப்செட் போட்டு முடிகிற சமாச்சாரமே இல்லை. நிலவில் ஈர்ப்பு குறைவு என்பதால் அங்குள்ள கடிகாரம் நம்முடையதைவிட நாளொன்றுக்குச் சுமார் 56 மைக்ரோ நொடி முந்தி ஓடும். அற்பம் போலத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் ஒளி ஏறக்குறைய 17 கிலோமீட்டர் போய்விடும். இடங்காட்டும் கருவி அந்த அளவு தவறினால் தரையிறங்கும் கலம் என்ன ஆவது? கணக்குப் போட்டுப் பார்த்தேன்: சுமார் 50 ஆண்டுகளில் நிலவும் பூமியும் ஒரு முழு நொடி விலகி நிற்கும். அதுபோன்ற ஒரு நொடியைப் பற்றித்தான் இந்த மடல்.

ஒரு நொடி என்ன செய்யும் என்பதைக் கண்ணால் பார்த்தவன் நான். 2017 ஜனவரி 1, மார்கழிக் காலை. அப்போது வேலை பார்த்த இடத்தில் எனக்கு இரவுப் பணி. கிரீனிச்சில் ஆண்டு முடியும் நள்ளிரவு நமக்கு விடியற்காலை 5:30. பூமியின் சுழற்சியோடு அணுக் கடிகாரத்தைச் சேர்த்துவைக்க அன்று ஒரு லீப் செகண்ட் கூட்டப்பட்டது. நியாயப்படி 5:29:59-க்குப் பிறகு 5:29:60 என்று வர வேண்டும். எங்கள் லினக்ஸ் சர்வருக்கு 60 என்கிற நொடியே தெரியாது. அது 5:29:59-ஐ இரண்டு முறை காட்டியது. ஐந்தாறு பேர் ஒரே திரையை மொய்த்துக்கொண்டு நின்றோம், இரண்டாவது 59 வந்ததும் கைதட்டினோம். பக்கத்துக் கோயில் ஒலிபெருக்கியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒருவர் டீ வாங்கிவரப் போனார்.

டீ வருவதற்குள் போன் வந்துவிட்டது. அந்த ஒரு நொடிக்குள் ஒரு கேள்வி 59.8-இல் கிளம்பி, அதன் பதில் 59.1-இல் வந்து சேர்ந்ததாகப் பதிவாகியிருந்தது. கேள்விக்கு முன்னால் பதில்! எடுத்துக்கொண்ட நேரத்தைக் கணக்கிடும் சிறு நிரல் ஒன்று மைனஸ் எண்ணைப் பார்த்துத் திகைத்து நின்றுபோக, அதை நம்பியிருந்த இன்னொன்றும் நின்றது. எழுதியவர் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். காலம் பின்னோக்கிப் போகாது என்று நினைத்து எழுதியிருந்தார். யாரும் அப்படித்தானே நினைப்போம்?

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததும் இல்லை. 2012 ஜூன் 30-இல் சேர்த்த லீப் செகண்டில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலிலேயே ஒரு பிழை வெளிப்பட்டது. ரெட்டிட் தளம் விழுந்தது, குவாண்டாஸ் விமானப் பயணிகள் பதிவு செய்ய முடியாமல் வரிசையில் நின்றார்கள். கூகுள் 2008 முதலே வேறு வழியில் போகிறது: அந்த ஒரு நொடியைப் பல மணி நேரத்தின் மேல் வெண்ணெய் தடவுவதுபோல் மெல்லத் தடவி, குதிப்பே தெரியாமல் கடத்திவிடுகிறது. கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் அந்த மணி நேரங்களில் தடவியவர் கடிகாரமும் தடவாதவர் கடிகாரமும் வேறு வேறு நேரம் காட்டும். ஜிபிஎஸ்ஸோ 1980-க்குப் பிறகு வந்த எந்த லீப் செகண்டையும் ஏற்காமல் இன்று 18 நொடி முன்னே நிற்கிறது.

1972 தொடங்கி இதுவரை 27 முறை நொடி கூட்டியாகிவிட்டது. 2022-இல் உங்கள் 27-ஆவது மாநாடு, 2035-க்குள் இந்த ஏற்பாட்டைத் தளர்த்துவதென்று தீர்மானித்தபோது எங்கள் அலுவலகத்தில் கேக் வெட்டினோம். உண்மையாகவே வெட்டினோம், நடுவில் 59 என்று எழுதி. அதற்காக உங்களுக்கு இந்த மடலிலேயே நன்றி சொல்கிறேன்.

ஆனாலும் இரண்டு பயங்கள் மிச்சமிருக்கின்றன.

முதலாவது, 2035-க்கு முன்பே பூமி முந்திக்கொண்டால் என்ன செய்வது? நிலவின் இழுவையால் நூற்றாண்டுக் கணக்கில் பூமியின் சுழற்சி மெதுவாகித்தான் வருகிறது. ஆனால் அண்மைக் காலத்தில் அதன் உட்பகுதியின் மாற்றங்களால் வேகம் கூடியிருக்கிறது. 2024 ஜூலை 5 அன்று ஒரு நாள், 24 மணி நேரத்தைவிட 1.66 மில்லி நொடி குறைவாக முடிந்தது. இப்படியே போனால் ஒரு நொடியைக் கூட்டுவதற்குப் பதில் கழிக்க வேண்டி வரும். நமக்கு 5:29:58-இலிருந்து கடிகாரம் நேரே 5:30-க்குத் தாவும். உலகம் இதுவரை ஒரு தடவைகூட அதைச் செய்து பார்த்ததில்லை. 2024 மார்ச்சில் டங்கன் அக்னியூ என்ற புவியியற்பியலாளர் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரைப்படி, கிரீன்லாந்திலும் அண்டார்க்டிகாவிலும் உருகும் பனி இந்த நாளைச் சற்றுத் தள்ளிப்போட்டிருக்கிறது. தட்டாமாலை சுற்றும் குழந்தை கையை விரித்தால் வேகம் குறையுமே, அதுபோல துருவத்து நீர் நடுக்கோட்டுப் பக்கம் பரவுவதால் பூமியின் வேகம் குறைகிறது. 2026-இல் வந்திருக்கக்கூடிய தேவை 2029-க்குப் போய்விட்டதாம். "டெட்லைன் மூணு வருஷம் தள்ளிப்போச்சு" என்று எங்கள் குழுவில் ஒருவர் எழுதினார். ஒரு நிமிடம் கழித்து அவரே, "எதனாலன்னு நினைச்சா சிரிப்பு வரல" என்று எழுதினார். யாரும் பதில் போடவில்லை.

எனவே என் முதல் கோரிக்கை: உங்கள் தீர்மானத்தில் '2035-இல் அல்லது அதற்கு முன்' என்று இருக்கிறது. 'அதற்கு முன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ரஷ்யாவின் இடங்காட்டும் செயற்கைக்கோள் அமைப்பான குளோனாஸ் லீப் செகண்டோடு பின்னிப்பிணைந்தது, மாற்ற அவகாசம் வேண்டும் என்பது தெரியும். அதை மதித்தும் கேட்கிறேன். யாரும் ஓட்டிப் பார்க்காத நொடிக் கழிப்பை உலகின் மருத்துவமனைகளிலும் மின்கட்டமைப்புகளிலும் முதல் முறையாக ஓட்டிப் பார்க்க வேண்டாம்.

இரண்டாவது பயம் லீப் நிமிடம். நொடி நொடியாகச் சேர்ப்பதை விட்டுவிட்டு, கடிகாரத்துக்கும் பூமியின் சுழற்சிக்கும் உள்ள விலகல் ஒரு நிமிடம் ஆகும்வரை காத்திருந்து மொத்தமாகச் சேர்க்கலாம் என்கிறார்கள். வானியல் நோக்கில் அழகான யோசனை. நிரலர் நோக்கில் ஆபத்தானது. 27 முறை செய்த ஒன்றிலேயே பிழை விட்ட நாங்கள், நூறு ஆண்டுக்கு ஒரு முறை வருவதை எப்படிச் சரியாகச் செய்வோம்? அதை எழுதியவரும் இருக்க மாட்டார், சோதித்தவரும் இருக்க மாட்டார். விலகலுக்கு வைக்கும் புதிய வரம்பு, கடிகாரம் குறைந்தது ஒரு நூற்றாண்டுக்குத் தடையின்றித் தொடர்ந்து ஓட வழிசெய்யட்டும் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அந்த வரம்பை ஒரு மணி நேரமாக வையுங்கள். அதை எட்டப் பல நூற்றாண்டுகள் ஆகும். மணிக் கணக்கில் நேரத்தை மாற்றுவது அரசாங்கங்களுக்கு ஏற்கெனவே பழகிய வேலை.

சூரியனை விட்டுக் கடிகாரம் விலகலாமா என்று வருந்துபவர்களையும் நான் அறிவேன். சென்னைக்காரனாகப் பதில் சொல்கிறேன். இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை வைத்தது. சென்னை அதற்கு மேற்கே இருப்பதால் எங்கள் உச்சிப்பொழுது சராசரியாக 12 மணி 9 நிமிடத்துக்குத்தான். பழைய மெட்ராஸ் நேரம் இன்றைய நேரத்தைவிட அந்த 9 நிமிடம் பின்தங்கியிருந்ததும் அதனால்தான். அதை விட்டுவிட்டு இத்தனை தலைமுறை வாழ்ந்துவிட்டோம். வானத்தைக் கணிப்பதிலேயே எங்களுக்கு வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு பஞ்சாங்கம். சனிப்பெயர்ச்சி ஒன்றில் 2025 மார்ச், மற்றதில் 2026 மார்ச். இரண்டையும் வீட்டில் வைத்துக்கொண்டு எதற்கு எது என்று தெரிந்து நடக்கிறோம். தொலைநோக்கியைத் திருப்புபவருக்குப் பூமியின் சுழற்சி நேரம் தனியாகக் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது, இனியும் கிடைக்கும்.

ஒரு சின்ன வேண்டுகோளும் உண்டு. எதை முடிவு செய்தாலும் வருடங்களுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். இலங்கை 1996-இல் ஒரே ஆண்டில் இரண்டு முறையும் 2006-இல் மறுபடியும் நேரத்தை மாற்றியது. அந்த மாற்றங்கள் ஒவ்வொன்றும், தன்னார்வலர்கள் பேணும் நேர மண்டலத் தரவுத்தளத்தில் ஆசியா, கொழும்பு என்ற தலைப்பின் கீழ் இன்றும் ஒரு வரியாக நிற்கின்றன. உங்கள் கைப்பேசி அந்தத் தரவுத்தளத்தைப் பார்த்துத்தான் மணி சொல்கிறது.

அதே தரவுத்தளத்தில் லீப் செகண்டுகளுக்கென்று ஒரு கோப்பு இருக்கிறது. 27 நொடிகளுக்கு 27 வரிகள், கடைசி வரி 2016 டிசம்பர் 31. உங்கள் 28-ஆவது மாநாடு முடிந்து வெளியே வரும்போது, அதில் 28-ஆவது வரி எழுத வேண்டியதில்லை என்று எங்களுக்குச் சொல்லுங்கள்.

அன்புடனும் மரியாதையுடனும்,
சென்னையிலிருந்து ஒரு நிரலர்