பெஞ்சில் இருக்கும் என் மகளுக்கு

அன்புக் கண்ணம்மா,

"ஆபீஸ்ல ப்ராஜெக்ட் எதுவும் இல்லம்மா, அடுத்தது வர்ற வரைக்கும் சும்மா இருன்னு பெஞ்சில் போட்டுட்டாங்க" என்று நேற்று சொன்னபோது உன் குரலே சரியில்லை. போனில் எனக்குக் கோர்வையாகச் சொல்ல வராது, அதனால் எழுதுகிறேன்.

நீ ஸ்கூலில் கோ-கோ ஆடிய காலத்தில், ஜோனல் போட்டி எங்கே நடந்தாலும் பெரம்பூரில் பஸ் பிடித்து வந்துவிடுவேன், ஞாபகம் இருக்கிறதா? துரத்துகிற அணியில் 9 பேர், அதில் 8 பேர் உட்கார்ந்திருப்பார்கள், ஒருத்திதான் ஓடுவாள். ஆனால் அவள் நடுக்கோட்டைத் தாண்டவும் கூடாது, எடுத்த திசையை விட்டுத் திரும்பவும் கூடாது, எதிரணிப் பெண் சட்டென்று அந்தப் பக்கம் நழுவிவிட்டால் அங்கே பார்த்து உட்கார்ந்திருப்பவள்தான் எழுந்து பிடிக்க வேண்டும். நீ உட்காருவது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கை இரண்டையும் தரையில் ஊன்றி, கால் விரல் மண்ணைக் கவ்விக்கொண்டிருக்க, கண் மட்டும் ஓடுகிறவள் கூடவே போய்ப் போய் வரும். முதுகில் தட்டி 'கோ' சொல்வதற்குள் எழுந்தால் ஃபவுல், சொன்ன பிறகு யோசித்தால் ஆள் போய்விடுவாள். 2025 ஜனவரியில் டெல்லியில் நடந்த முதல் உலகக் கோப்பையில் நம் பெண்கள் நேபாளத்தை 78-40 என்று ஜெயித்தார்களே, அன்றைக்கும் டிவியில் நான் பார்த்துக்கொண்டிருந்தது உட்கார்ந்திருந்தவர்களைத்தான்.

எனக்கு இதில் இன்னொன்றும் பிடிக்கும். 'கோ' கொடுத்தவள் அதே இடத்தில் உட்கார்ந்துவிட வேண்டும், பின்னாலேயே ஓடக் கூடாது. அப்பாவுக்கு ஆபரேஷன் ஆனபோது ஆஸ்பத்திரியில் ராத்திரித் துணைக்குச் சித்தியை இருக்கச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினேனே, மணிக்கொரு தரம் போன் பண்ணி "மாத்திரை கொடுத்தியா" என்று அவளை நச்சரிக்காமல் இருந்தேனே, அது உங்கள் ஆட்டத்தைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம்தான்.

பக்கத்து டீமில் என்ன வேலை நடக்கிறது, யார் எதில் திணறுகிறார்கள் என்று இப்போது உனக்குப் பார்க்க நேரம் இருக்கிறது, பார். அந்த டெஸ்டிங் கோர்ஸை முடித்துவிடு. அப்புறம் உன் மேனேஜரிடம், ஆள் தேவைப்பட்டால் நான் தயார் என்று நீயே ஒரு வார்த்தை போட்டு வை.

ராத்திரி சாப்பிடாமல் படுக்காதே. எலுமிச்சை ஊறுகாய் போட்டிருக்கிறேன், சனிக்கிழமை கூரியரில் அனுப்புகிறேன்.

அம்மா