அது வெறும் பார்ட்டி கோஷ்டி இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

கமலா ஹாரிஸ் பற்றிய கட்டுரையில் அவருடைய தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்துக்கே ஒரு பக்கத்தை ஒதுக்கியிருந்தீர்கள். பக்கத்து ஊர்க்காரி என்ற முறையில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் வாஷிங்டனில், கறுப்பினத்தவர் பெரும்பான்மையாகப் படிக்கும் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் படித்தபோது 1986-இல் அவர் சேர்ந்த ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா என்ற சொராரிட்டியை (கல்லூரிப் பெண்கள் சேர்ந்து நடத்தும் சங்கம்; படிப்பு முடிந்தும் உறுப்பினராக இருக்கலாம்) 'கல்லூரிப் பெண்களின் பார்ட்டி கோஷ்டி' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே! அவர் சேர்ந்தது அதன் முதல் கிளையில். அந்த ஆல்ஃபா கிளையின் கதை ஒரு வரியில் அடங்குவதில்லை.

1908 ஜனவரியில், எதெல் ஹெட்ஜ்மன் என்ற மாணவி முன்கை எடுக்க, ஒன்பது பேர் சேர்ந்து ஹோவர்டில் அந்தச் சங்கத்தைத் தொடங்கினார்கள். கறுப்பின மாணவிகள் தொடங்கிய முதல் சொராரிட்டி அதுதான். அடிமை முறை ஒழிந்து அரை நூற்றாண்டுகூட ஆகியிருக்கவில்லை.

ஐந்து வருடத்துக்குள் வீட்டுக்குள்ளேயே சண்டை. அப்போது படித்துக்கொண்டிருந்த 22 மாணவிகள் பெயர், நிறம், குறிக்கோள் எல்லாவற்றையும் மாற்றிவிட்டுப் பொதுப் பிரச்சினைகளில் இறங்க வேண்டும் என்றார்கள். படிப்பை முடித்துப் போயிருந்த நெல்லி குவாண்டருக்குச் செய்தி எட்டியது; அவர் கூடவே கூடாது என்றார். 22 பேரும் வெளியேறி, 1913 ஜனவரி 13 அன்று அதே வளாகத்தில் டெல்டா சிக்மா தீட்டா என்ற புதிய சொராரிட்டியைத் தொடங்கினார்கள். நெல்லி சும்மா இருக்கவில்லை. அதே மாதம் 29-ஆம் தேதி பழைய சங்கத்தைச் சட்டப்படி பதிவுசெய்து காப்பாற்றினார்.

டெல்டா பெண்கள் அதே வருடம் மார்ச் 3 அன்று, பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு வாஷிங்டனில் நடந்த ஊர்வலத்தில் நடந்தார்கள். கறுப்பினப் பெண்கள் கடைசியில் வரட்டும் என்று அமைப்பாளர்கள் தரப்பிலேயே பேச்சு எழுந்த ஊர்வலம் அது. என் மனசு அந்த 22 பேர் பக்கம்தான். ஆனால் நெல்லியின் பிடிவாதத்தையும் குறைத்துச் சொல்ல முடியாது. அவர் காப்பாற்றிய சங்கம்தான் 1935 முதல் கோடைக்காலங்களில் டாக்டர் டோரதி ஃபெரிபீ தலைமையில் மிசிசிப்பி மாநிலத்துக்கு மருத்துவக் குழுவை அனுப்பியது. கறுப்பினக் கூலியாட்களைக் கிளினிக்குக்கு விட மாட்டோம் என்று பண்ணை முதலாளிகள் மறுத்தபோது, குழு மருந்து, ஊசியைக் காரில் ஏற்றிக்கொண்டு பண்ணைகளுக்கே போனது. பார்ட்டி கோஷ்டி செய்கிற வேலையா இது?

சொராரிட்டிகள் விரும்பி வரும் எல்லோரையும் சேர்த்துக்கொள்வதில்லை என்ற குறை உண்டு. அதை எழுதியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

அப்புறம், கமலா கழுத்தில் இருக்கும் முத்துமாலையை 'நம்மூர் அழகு' என்று படக்குறிப்பில் போட்டிருக்கிறீர்கள். நம்மூருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இந்தச் சங்கத்தில் முத்து என்றால் 20 நிறுவனர்களின் அடையாளம். தொடங்கிய ஒன்பது பேர், சில வாரங்களில் சேர்ந்த ஏழு பேர், 1913-இல் பதிவு செய்த நெல்லி உள்ளிட்ட நால்வர் என்று அந்த இருபது. அடுத்த இதழில் அந்தப் படக்குறிப்பையாவது திருத்திப் போடுங்கள்.

– ஒரு வாசகி, மன்னார்குடி