அம்மிணிக்கு, கொழிஞ்சாம்பாறையிலிருந்து

அன்புள்ள அம்மிணி,

நேற்று போனில் நீ, விமானப்படையில் போக்குவரத்து விமானப் பயிற்சிக்குப் பெங்களூரு எலஹங்கா கிடைத்திருக்கிறது என்றதும் உன் அம்மா பக்கத்து வீட்டுக்குச் சொல்ல ஓடிவிட்டாள். நான் உன்னை இரண்டு முறை திரும்பச் சொல்ல வைத்தேன். சந்தோஷத்தில் கேட்டேன் என்று நினைத்திருப்பாய். அது மட்டுமில்லை, இடது காது இப்போது பாதிதான் கேட்கிறது. அந்தக் காதைப் பற்றி உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை.

அதற்கு முன்னால் ஒன்று. ஃபைட்டர், அதாவது போர் விமானம், கிடைக்கவில்லையே என்று உன் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. வருத்தப்படாதே. நான் சண்டிகரில் ஏஎன்-32 என்ற போக்குவரத்து விமானம் ஓட்டிய காலத்தில் லடாக்கின் லே-வுக்குப் போகாத வாரம் கிடையாது. 10,000 அடிக்கு மேலே இருக்கிற ஓடுதளம் அது. வெயில் ஏற ஏறக் காற்று லேசாகிவிடும், எஞ்சின் திணறும். மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கில் காற்று சுழன்றடிக்கும். அதனால்தான் மூன்று மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்புவேன். நீ பிறந்த பிறகு, எத்தனையோ நாள் நான் போனதும் உனக்குத் தெரியாது, வந்ததும் தெரியாது. பனியில் சாலை மூடிய மாதங்களில் மேலே இருக்கிற ஜவானுக்குக் காய்கறியும் மருந்தும் கடிதமும் நாங்கள் கொண்டுபோனதுதான். நீயும் டோர்னியர் என்ற சின்னப் போக்குவரத்து விமானத்தில் கற்றுக்கொள்ளப் போகிறாய். மனம் நிறைந்து கற்றுக்கொள்.

சரி, காது. 1998 குளிர்காலம். மூன்று நாளாகச் சளி. டாக்டரிடம் போனால் பறக்க விடாமல் தரையில் உட்கார வைத்துவிடுவார். எனக்குப் பதில் போக வேண்டியவனுக்குக் குழந்தை பிறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. அவனுக்காகத்தான் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், 'இன்று என்னால் முடியாது' என்று சொல்ல வெட்கம். லே-யிலிருந்து லீவில் ஊருக்குப் போகிற ஜவான்கள் முப்பது பேருக்கு மேல் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். சண்டிகருக்கு இறங்க ஆரம்பித்ததும் காது அடைத்தது, திறக்கவே இல்லை. ஆணி அடிக்கிற மாதிரி வலி. பக்கத்து சீட்டில் இருந்தவர் பேசுவது கேட்கவில்லை, கண்ணில் நீர் வந்து டயல்கள் மங்கின. அவர்தான் கட்டுப்பாட்டை வாங்கிக்கொண்டு இறக்கினார்.

டாக்டர் கேட்டது ஒன்றே ஒன்று. "பின்னால் இருந்தவர்களிடம் கேட்டுவிட்டா கிளம்பினாய்?"

ஆறு வாரம் தரையில் இருந்தேன். காயம் ஆறியது. ஆனால் அதுவும் பல வருட எஞ்சின் சத்தமும் சேர்ந்து, 2012-ல் பென்ஷனில் வந்தபோது பயணிகள் விமானம் ஓட்டத் தேவையான சிவில் மெடிக்கல் பரிசோதனையில் காது தேறவில்லை. கூட இருந்தவர்கள் ஏர்லைன்ஸுக்குப் போனார்கள், 65 வயது வரை ஓட்டலாம். நான் ஊருக்கு வந்தேன்.

அந்த முதல் வருடம் நான் எப்படி இருந்தேன் என்பது உனக்கு நினைவிருக்கும். மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும், போவதற்கு இடமில்லை. வாசலில் நின்று பனைமரத்துச் சலசலப்பை வைத்துக் காற்று எந்தத் திசை, எவ்வளவு வேகம் என்று கணக்குப் போடுவேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கு நம் ஊரில் பஞ்சமா? ஒரு நாள் ஆத்தா எழுந்து வந்து, "இன்னைக்கு எங்கயும் போவேண்டாஞ் சாமி, தென்னைக்குத் தண்ணி கட்டு" என்றாள். கட்டினேன். மறுநாளும் கட்டினேன். சூலூர் விமானப்படைத் தளத்துப் பக்கம் தேஜஸ் போர் விமானச் சத்தம் வந்தால் இன்றும் மண்வெட்டியோடு நின்று மேலே பார்ப்பேன், அப்புறம் வேலையைப் பார்ப்பேன்.

உனக்கு என்னைவிடக் கஷ்டம். 1994-ல் முதல் பெண் பைலட்டுகள் வந்தபோது பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். 'முடியாது' என்று ஒரு நாள் சொன்னால் 'பொண்ணு, அதான்' என்று சொல்லிவிடுவார்களோ என்ற எண்ணம் உனக்கு வரும். வரட்டும். அப்படியே டாக்டர் அறைக்கு நடந்து போ. சளியானாலும் சரி, தூக்கமில்லாவிட்டாலும் சரி, மனம் சரியில்லாவிட்டாலும் சரி.

அம்மா ஏன் முதலில் வேண்டாம் என்றாள் தெரியுமா? 2016 ஜூலை 22-ல் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேயருக்குக் கிளம்பிய ஏஎன்-32 காணாமல் போனதே, 29 பேரோடு. நான் ஓட்டிய அதே ரகம். 2024 ஜனவரியில்தான் அதன் பாகங்கள் கடலடியில், 3,400 மீட்டர் ஆழத்தில் தென்பட்டதாகச் செய்தி வந்தது. இடைப்பட்ட ஏழரை வருடமும் அவள் அந்த வீட்டுப் பெண்களைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தாள். அதனால் ஒவ்வொரு முறை இறங்கியதும் அவளுக்கு ஒரு மெசேஜ் போடு. 'இறங்கிட்டேன்' போதும்.

முறுக்கும் எள்ளுருண்டையும் பார்சல் கட்டியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போன் செய். கத்திப் பேச வேண்டாம், வலது காதில் வைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா