சீன வெண்கலச் சாடிகளை ஏலம் விடும் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

பழைய சீன வெண்கலச் சாடிகளைச் சேர்ப்பவன் நான். மிங், சிங் என்ற அரச வம்சங்களின் காலத்துச் சின்னச் சாடிகள்தான் என் கைக்கு எட்டும். உங்கள் ஏலப் பட்டியல்களை விடாமல் படிக்கிறேன். 'ஐரோப்பியத் தனியார் சேகரிப்பிலிருந்து' என்ற ஒற்றை வரியோடு ஒரு சாடியின் பூர்வ கதை முடிந்துவிடுகிறது. அந்த வரியை இனி அச்சிடாதீர்கள்.

1860இல் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் பெய்ஜிங்கின் யுவான்மிங்யுவான் அரண்மனையைச் சூறையாடின. அங்கிருந்து ஒரு பிரிட்டிஷ் அதிகாரி எடுத்துப்போன வெண்கலப் பாத்திரம் 2018 ஏப்ரலில் இங்கிலாந்தில் ஏலத்துக்கு வந்தது. மூடியிலும் மூக்கிலும் புலி உருவங்கள் கொண்ட, கிறிஸ்துவுக்கு முந்தைய சோவ் வம்ச காலத்துப் பொருள். சீன அரசு எதிர்த்தும் 4,10,000 பவுண்டுக்கு விற்றார்கள். வாங்கியவர் திருப்பிக் கொடுக்க முன்வந்ததால் அந்த ஆண்டு இறுதியில் அது சீனத் தேசிய அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த அதிகாரி எழுதிய கடிதங்கள் மிஞ்சியிருந்ததால்தான் கொள்ளை விவரம் தெரிந்தது. கடிதம் மிஞ்சாத பொருள்களுக்கு யார் பேசுவது?

அப்புறம், முத்திரை. சாடியைக் கவிழ்த்தால் அடியில் ஆறு எழுத்து இருக்கும்: மகா மிங் வம்சத்து சுவாந்த பேரரசர் காலத்தில் செய்தது என்று. அந்தப் பேரரசர் 1435இல் இறந்துவிட்டார். அவர் முத்திரை தாங்கிய வெண்கலங்களில் பெரும்பாலானவை வெகு காலம் கழித்து வார்த்தவை என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். பிறகு ஏன் முத்திரையைக் கொட்டை எழுத்திலும், பிற்காலத்தது என்பதைப் பொடி எழுத்திலும் போடுகிறீர்கள்?

படங்களும் அப்படித்தான். முன்பக்கம் மட்டும் பளபளவென்று தெரியும். எனக்கு வேண்டியது சாடியின் உட்புறமும் அடிப்புறமும். அடித்தகடு பிற்பாடு பொருத்தியதா என்று அங்கேதான் தெரியும். பூசிய பச்சை நிறம் பெரும்பாலும் அசிட்டோன் (நகப்பூச்சு அழிக்கும் திரவம்) தோய்த்த பஞ்சில் கரைந்து வந்துவிடும்; காலத்தில் ஏறிய களிம்பு வராது. நேரில் வர முடியாதவனுக்கு இந்தச் சோதனையை நீங்கள்தான் செய்து சொல்ல வேண்டும்.

விற்பவர் பெயரைச் சொல்ல முடியாது என்றால் சரி, வேண்டாம். எந்த நாட்டில், எந்த ஆண்டு வாங்கியது, ரசீது இருக்கிறதா, கலைப்பொருள் கடத்தலைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை வந்த 1970க்கு முன் எங்கே இருந்தது என்பதையாவது சொல்லுங்கள். அதுவும் தெரியாத சாடியை ஏலத்துக்கு எடுக்காதீர்கள். அப்படி ஒன்று எவ்வளவு மலிவாக வந்தாலும் நான் விலை கேட்க மாட்டேன். என்னைப் போன்ற சேகரிப்பாளர்களிடமும் விலை கேட்க வேண்டாம் என்றுதான் சொல்லி வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளன்