சொல்கிறாரா, கேட்கிறாரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

இளையோரின் ஆங்கிலம் பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். சாதாரண வசனத்தையும் கேள்விபோல் மேலே இழுத்து முடிப்பது தன்னம்பிக்கை இல்லாததன் அடையாளம் என்றும், அமெரிக்கத் தொலைக்காட்சியால் வந்த வியாதி என்றும் எழுதியிருந்தீர்கள். இரண்டும் எனக்குச் சரியாகப் படவில்லை.

சிட்னிக்கு வந்த புதிதில் நானும் இதில் மாட்டுப்பட்டவள்தான். ஒருநாள் தொலைபேசியில் ஒரு பெண், "பல் டொக்டரிடமிருந்து பேசுகிறேன்" என்றார். கடைசிச் சொல்லில் குரல் ஏறி நின்றது. என்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "எனக்குத் தெரியாதே" என்றேன். அடுத்து, "மகளுக்கு வியாழன் பத்தரை மணி." மறுபடியும் ஏற்றம். வசதியா என்று கேட்கிறாராக்கும் என்று, "வெள்ளி கிடைக்காதா?" என்றேன். மறுமுனையில் சத்தமே இல்லை. இரண்டு கிழமைக்கு முன் நானே எடுத்து மறந்துபோன நேரம் அது. நினைவூட்டத்தான் அழைத்திருந்தார், பாவம்.

பிறகு மெல்ல மெல்லப் பிடிபட்டது. கதை சொல்கிறவர் கேட்பவரிடம் எதிர்பார்ப்பாரே ஒரு 'ம்', அதற்காகத்தான் அந்த ஏற்றம். யாழ்ப்பாணத்தில் நாங்கள் "போட்டு வாறன், என்ன" என்போம். அந்த 'என்ன'வுக்கு யார் பதில் தேடுகிறார்கள்?

சிட்னி மக்களின் பேச்சை ஆராய்ந்து கிரெகரி கை, பார்பரா ஹோர்வத் முதலான மொழியியலாளர்கள் 1986இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பதின்ம வயதினரிடமும் பெண்களிடமும் தொழிலாளர் குடும்பங்களிலும் இந்தப் பழக்கம் கூடுதலாக இருந்தது. அதைவிட எனக்குப் பிடித்தது இன்னொன்று: நடந்ததைக் கதையாகச் சொல்லும்போதும் ஒன்றை விவரிக்கும்போதும்தான் ஏற்றம் அதிகம், கருத்துச் சொல்லும்போது குறைவு. தயக்கம்தான் காரணம் என்றால் கருத்துச் சொல்லும் இடத்தில் அல்லவா கூடியிருக்க வேண்டும்?

டெக்ஸஸில் மாணவியர் சங்கம் ஒன்றை ஆராய்ந்த மொழியியலாளர் சிந்தியா மக்லெமோரும் 1991இல் கண்டது தயக்கத்தை அல்ல. இளையவர்களைவிட, சங்கத்தை நடத்திய மூத்தவர்களே ஏற்றத்தோடு பேசினார்கள்.

அமெரிக்காவில் பிறந்தது இந்த ஏற்றத்துக்கு வைத்த 'அப்டாக்' (uptalk) என்ற பெயர்தான், 1993இல், நியூயோர்க் டைம்ஸில். பழக்கம் அதற்கு முன்பே இங்கே இருந்தது. பெல்பாஸ்டிலும் கிளாஸ்கோவிலும் கிழவர்கள்கூட வசனத்தை மேலே ஏற்றித்தான் முடிப்பார்கள். அவர்களை யாரும் நம்பிக்கையில்லாதவர்கள் என்று சொல்வதில்லை. பதினாறு வயதுப் பெண்பிள்ளை என்றால்தான் நமக்குக் காது கூசுகிறது.

சரி, எல்லா இடத்திலும் இது நல்லது என்று நான் வாதாடவில்லை. மருந்துக்கடைப் பையன் "காலையில் ஒன்று, இரவில் இரண்டு" என்று குரலை ஏற்றும்போது எனக்கு இன்றும் வயிற்றைக் கலக்கும். திருப்பிக் கேட்டு எழுதிக்கொண்டுதான் வெளியே வருவேன்.

தமிழில் கேள்விக்கு 'ஆ', 'ஓ' என்று ஈற்றெழுத்து இருப்பதால் குரல் எங்கே போனாலும் குழப்பம் வராது என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். போன கிழமை ஊரில் இருக்கும் தங்கைச்சியுடன் கதைத்தபோது, "மகளுக்கு வேலை கிடைச்சிட்டுது" என்றேன். அவள் கொஞ்சம் பொறுத்துவிட்டுக் கேட்டாள்: "அக்கா, எனக்குச் சொல்லுறியோ, என்னைக் கேக்கிறியோ?"

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சிட்னி